ரெண்டு செகண்ட்... ரெண்டு வருஷம்!



ஒரு சின்ன கற்பனை. கேம்பஸ்ல செலக்ட் ஆகிட்டீங்க. தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தாச்சு. அம்மா கையால திருநீறு பூசிக்கிட்டு, ஒரகடம் பக்கமோ ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ ஒரு கோடவுன்ல டிரெய்னியா சேர்ந்தாச்சு. நாலு பேருக்கு ஒரு ரூம், ஒரு பக்கெட், ஒரு சார்ஜர். புது சேஃப்டி ஷூ குதிகாலைக் கடிக்குது. முதல் வாரமே நைட் ஷிஃப்ட்!

ராத்திரி ரெண்டரை மணி. உங்க ரூம்மேட் கையில ஸ்டாக் லிஸ்ட்டோட ரேக்குகளுக்கு நடுவே நடந்து வர்றான். மூலையில திரும்புது ஒரு மஞ்சள் வண்டி. டிரைவர் கண்ணுக்கு முன்னாடி ஆள் உயரத்துக்குப் பெட்டிகள். அவருக்கு உங்க ஃப்ரெண்ட் தெரியலை. ஃப்ரெண்டுக்கு வண்டி தெரியலை.

ரெண்டே செகண்ட்... பாதத்து மேல சக்கரம்!

இந்த மாதிரி விபத்து வராம தடுக்கறது எப்படின்னு சேஃப்டி ஆபீசர் முதல் நாளே கிளாஸ் எடுப்பார். சுவர் முழுக்க போஸ்டர் ஒட்டியிருக்கும். ஆனா வந்துட்டா? அந்த நிமிஷத்துல பக்கத்துல நிக்கிற நீங்க என்ன செய்யணும்? ஆஸ்பத்திரியில என்ன சொல்லணும்? ஆறு மாசம் கழிச்சு அவன் எப்படி நடப்பான், எதை வெச்சு சாப்பிடுவான்? இதையெல்லாம் பெரும்பாலும் யாரும் சொல்லித் தர்றதில்லை. அதனால இந்த வாரம் நாம பேசுவோம். கொஞ்சம் சீரியஸ் மேட்டர்தான். ஆனா படிச்சு வெச்சா ஒரு நாள் ஒருத்தருக்குக் காலையும் வாழ்க்கையையும் காப்பாத்தித் தரும்.

மஞ்சள் வண்டியின் ஜாதகம்

ஃபோர்க்லிஃப்ட்டைப் பார்த்தா பொம்மை கார் மாதிரி குட்டியா இருக்கும். ஏமாந்துடாதீங்க! ரெண்டரை டன் தூக்குற ஒரு டீசல் ஃபோர்க்லிஃப்ட்டோட சொந்த எடை ஏறக்குறைய நாலு டன். நம்ம பழைய மாருதி 800 கார் ஆறை ஒண்ணா கட்டினா வர்ற எடை! முன்னாடி லோடு தூக்கும்போது வண்டி குப்புற விழக்கூடாதில்லையா... அதுக்காகப் பின்பக்கம் இரும்புப் பாளமா எடையை வெச்சிருப்பாங்க.

இன்னொரு விஷயம். காருக்கு முன்சக்கரம் திரும்பும். இதுக்குத் திரும்பறது பின்சக்கரம். அதனால டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிச்சா, வண்டியோட வால் பகுதி நீங்க எதிர்பார்க்காத பக்கம் 'சடார்'னு வீசும். 'வண்டி அந்தப் பக்கம்தானே திரும்புது'ன்னு ஓரமா நிக்கிறவர்தான் சுவருக்கும் வண்டிக்கும் நடுவுல மாட்டுவார்.

'அதான் சேஃப்டி ஷூ இருக்கே பாஸ்'னு கேட்கறீங்களா? கணக்கு போட்டுப் பார்த்துடுவோம். ஷூ முனையில இருக்கிற இரும்புத் தொப்பி, 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா தாங்கணும். அழுத்தம்னா சுமார் ஒன்றரை டன் வரைக்கும் தாங்கணும். தர அளவு அவ்வளவுதான். முழு லோடோட நிக்கிற ஃபோர்க்லிஃப்ட்டோட மொத்த எடை ஆறரை டன். அதுல பெரும்பங்கை ரெண்டு முன்சக்கரமும்தான் சுமக்குது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ரெண்டரை டன்னுக்கு மேல! அதுவும் அந்தத் தொப்பி மூடறது விரல்களை மட்டும்தான். நடுப்பாதத்துக்கும் கணுக்காலுக்கும் தோல்தான் காவல். ஷூவைக் கண்டிப்பா போடுங்க. பேலட் விழுந்தா, சாமான் விழுந்தா, உங்க விரலைக் காப்பாத்தும். அதை நம்பி சக்கரத்துக்குப் பக்கத்துல போகாதீங்க.

முதல் பத்து நிமிஷம்

சரி, ரூம்மேட் கத்திட்டான். எல்லாரும் ஓடி வர்றாங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. இங்கேதான் நிதானம் வேணும்.

முதல்ல வண்டி. பதற்றத்துல டிரைவர் பின்னாடி எடுக்கறேன்னு அதே காலை இன்னொரு தடவை நசுக்கிடக்கூடாது. ஒருத்தர் மட்டும் கை காட்ட, அவர் சொல்றபடி மட்டும் வண்டி நகரணும். காலை விடுவிச்சதும் ஃபோர்க்கைத் தரையில இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துடுங்க. அதே நேரத்துல இன்னொருத்தர் 108-க்கு ஃபோன் பண்ணணும். 'யாராவது பண்ணுங்கப்பா'ன்னு கத்தினா யாரும் பண்ண மாட்டாங்க. ஒருத்தரைக் கைநீட்டி, 'நீ பண்ணு'ன்னு சொல்லுங்க. கேட்ல இருக்கிற செக்யூரிட்டிக்கும் தகவல் போகணும். ஆம்புலன்ஸ் வந்து எந்த கேட், எந்த பிளாக்னு தெரியாம சுத்திட்டு இருக்கக்கூடாது.

ரத்தம் கொட்டுதா? சுத்தமான துணியை மடிச்சு வெச்சு, கையால நல்லா அழுத்திப் பிடிங்க. துணி நனைஞ்சா எடுக்காதீங்க, அது மேலயே இன்னொரு துணி. ஷூவை இழுத்துக் கழற்றப் பார்க்காதீங்க. உள்ளே எலும்பு எப்படி இருக்கோ தெரியாது. ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்துப்பாங்க. காபித் தூள், மஞ்சள் தூள், பேஸ்ட்... எதுவும் காயத்துல வேண்டாம். குடிக்கத் தண்ணி, ஜூஸ்கூட வேண்டாம். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

விரல் துண்டாகிடுச்சா? தேடி எடுங்க. சுத்தமான ஈரத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாயைக் கட்டுங்க. அந்தக் கவரை ஐஸும் தண்ணியும் கலந்த இன்னொரு பாத்திரத்துல வைங்க. விரலை நேரடியா ஐஸ்ல போட்டா திசு செத்துப்போகும்.

கடைசியா ஒண்ணு. மணியைப் பாருங்க! எத்தனை மணிக்கு மாட்டினான், எத்தனை மணிக்கு விடுவிச்சோம்... செல்ஃபோன்ல குறிச்சு வைங்க. அது எதுக்குன்னு கேட்கறீங்களா? அதுக்கு ஒரு லண்டன் கதை இருக்கு.

லண்டன் சொன்ன பாடம்

ரெண்டாம் உலகப் போர் நேரம். லண்டன்மேல ஜெர்மன் விமானங்கள் குண்டு மழை பொழிஞ்சுக்கிட்டு இருந்தது. இடிஞ்ச வீடுகளுக்கு அடியில கை, கால் நசுங்கி மணிக்கணக்கா மாட்டிக்கிட்டவங்களை உயிரோட மீட்டு ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. 'பிழைச்சுட்டார்'னு எல்லாரும் நிம்மதியா மூச்சு விட்ட பிறகு, சில நாள்ல அவங்க சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனாங்க! எரிக் பைவாட்டர்ஸ்ங்கிற டாக்டர் 1941-ல இதைத் தன் சக டாக்டரோட சேர்ந்து எழுதி வெளியிட்டார். நசுங்கின தசையில இருந்து பொட்டாசியமும், மயோகுளோபின்ங்கிற புரதமும் ரத்தத்துல கலக்குது. முதலாவது இதயத்தைத் தாக்குது. ரெண்டாவது சிறுநீரகத்தை அடைக்குது.

எடை அதிகமா இருந்தா, மாட்டின நேரம் கூடக்கூட ஆபத்தும் கூடும். அதனாலதான் டாக்டருக்கு அந்த மணிக்கணக்கு தங்கம் மாதிரி. ஒருவேளை உங்க ஃப்ரெண்டுக்கு அடுத்த நாள் சிறுநீர் கோலா நிறத்துல கறுத்துப் போனா, 'உடம்பு சூடு'ன்னு இளநி வாங்கித் தராதீங்க. உடனே நர்ஸைக் கூப்பிடுங்க.

'எக்ஸ்-ரேல ஒண்ணும் இல்லையாம்!'

இது ரொம்ப முக்கியம். எக்ஸ்-ரேல எலும்பு முறியலை. தோலும் கிழியலை. 'லக்கி ஃபெல்லோ'ன்னு சொல்லி வலி மாத்திரையோட ரூமுக்கு அனுப்பிடறாங்க. விடிகாலையில இருந்து வலி ஏறிக்கிட்டே போகுது. மாத்திரைக்கு அடங்கலை. விரலை யாராவது லேசா மேலே தூக்கினாலே உயிர் போகுது. விரலெல்லாம் மரத்துப்போய், எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. காலைத் தொட்டா கட்டை மாதிரி இறுகியிருக்கு.

நம்ம காலுக்குள்ள தசைகள் தனித்தனி உறைக்குள்ள இருக்கு. அந்த உறை பலூன் மாதிரி விரியாது. அடிபட்ட தசை உள்ளேயே வீங்கும்போது ரத்த ஓட்டம் நின்னுபோகுது. 'கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்'னு பேர். சுமார் ஆறு மணி நேரம் தாண்டினா தசை திரும்ப முடியாதபடி சாக ஆரம்பிச்சுடும். மருந்து? அந்த உறையைக் கத்தியால கீறி, அழுத்தத்தை விடுவிக்கணும். அதுவும் உடனே!

காலைச் சுத்தி இறுக்கமா கட்டு போட்டிருந்தாலும் இது வரும். 'காலையில ஓ.பி. திறக்கட்டும்'னு காத்திருந்தா, காலையில கால் மிஞ்சாது. 'எவ்வளவு அடியோ, அதைவிட அதிக வலி'... இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அது வந்தா ராத்திரி மூணு மணியா இருந்தாலும் ஆட்டோ பிடிச்சு எமர்ஜென்சிக்குப் போயிடணும்.

இன்னொரு ஏமாற்று வித்தையும் உண்டு. ரப்பர் சக்கரம் தோலைப் பிடிச்சு முறுக்கும்போது, கையுறையைக் கழற்றற மாதிரி தோல் அடியில இருந்து பிரிஞ்சிடும். மேலே பார்த்தா சின்ன சிராய்ப்புதான். ரெண்டு மூணு நாள்ல அந்தத் தோல் கறுத்துப்போகும். அதனால சக்கரம் ஏறின காலை எந்தக் காரணத்துக்காகவும் 'சின்ன அடி'ன்னு முடிவு கட்டாதீங்க.

காலை வைக்கறதா, எடுக்கறதா?

எலும்பு நொறுங்கி, சதை கிழிஞ்ச கால்னா டாக்டர்கள் முன்னாடி நிக்கிற கொடுமையான கேள்வி இது. உலகத்துக்கே இதுல ஒரு வழி சொன்னது நம்ம கோயமுத்தூர்! கங்கா மருத்துவமனை டாக்டர்கள், ராஜசேகரன் தலைமையில, முழங்காலுக்குக் கீழே ஏற்படுற திறந்த எலும்பு முறிவுகளுக்காக ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி 2006-ல வெளியிட்டாங்க. தோலுக்குத் தனி மார்க், எலும்புக்குத் தனி மார்க், தசைக்குத் தனி மார்க், உடம்போட மற்ற நிலைமைக்குத் தனி மார்க். எல்லாம் கூட்டினா 14-க்குள்ள வந்தா காலைக் காப்பாத்த முயற்சி பண்ணலாம். 17-ம் அதுக்கு மேலயும்னா எடுத்துடறதுதான் உயிருக்கு நல்லது. நடுவுல வந்தா அனுபவமுள்ள டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கணும். பரீட்சையில மார்க் குறைஞ்சா அழுவோம். இங்கே மார்க் குறையணும்னு சாமி கும்பிடணும்!

காலைக் காப்பாத்தினா கதை முடிஞ்சதுன்னு இல்லை. தோல் எடுத்து ஒட்டறது, வெளியே கம்பி போட்டு எலும்பை நிறுத்தறது, சீழ் வந்தா மறுபடி சுத்தம் பண்றதுன்னு பல ஆபரேஷன்கள், பல மாசங்கள். ரெண்டு செகண்ட்ல நடந்ததைச் சரி பண்ண ரெண்டு வருஷம்கூட ஆகலாம். அந்த ரெண்டு வருஷமும் சாப்பாடு யார் போடுவாங்க?

'பைக்ல இருந்து விழுந்தேன்னு சொல்லுடா!'

இந்த இடத்துலதான் நிறைய பசங்க வழுக்கி விழறாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல யாரோ ஒருத்தர் தோள்ல கை போடுவார். சூப்பர்வைசராவோ கான்ட்ராக்டர் ஆளாவோ இருக்கலாம். ரொம்ப அன்பா பேசுவார். 'தம்பி, போலீஸ் கேஸுன்னு அலையணும். கம்பெனிக்குக் கெட்ட பேர். பைக்ல இருந்து விழுந்தேன்னு சொல்லிடு. செலவை நாங்க பார்த்துக்கறோம். வேலை எங்கேயும் போகாது.'

எல்லா கம்பெனியும் இப்படின்னு சொல்லலை. ஒழுங்கா நடந்துக்கற இடம் எத்தனையோ இருக்கு. ஆனா இந்த டயலாக் உங்க காதுல விழுந்தா, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க.

உங்க ஃப்ரெண்டுக்கு தினக்கூலி 600 ரூபாய்னு வைப்போம். மாசம் 26 நாளுக்கு 15,600. இதுல 2019 ஜூலையில வந்த கணக்குப்படி முக்கால் சதவிகிதம், அதாவது 117 ரூபாய், இ.எஸ்.ஐ.க்குன்னு பிடிப்பாங்க. கம்பெனி தன் பங்குக்கு மூணேகால் சதவிகிதம் கட்டும். சரியா?

வேலையில அடிபட்டதுன்னு பதிவானா, வேலைக்குப் போக முடியாத காலம் முழுக்க சம்பளத்துல 90 சதவிகிதம். ஒரு நாளைக்கு 540 ரூபாய். ஆறு மாசம் படுத்தா 97,200 ரூபாய். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. 'இத்தனை நாள் சந்தா கட்டியிருக்கணும்'ங்கிற நிபந்தனை கிடையாது.

'பைக்ல விழுந்தேன்'னு பதிவானா? அது சாதாரண நோய்க் கணக்கு. 70 சதவிகிதம்தான், 420 ரூபாய். அதுவும் வருஷத்துக்கு 91 நாள்தான். அதுக்கும் முன்னாடி 78 நாள் சந்தா கட்டியிருக்கணும். முதல் வாரத்துலயே அடிபட்ட நம்ம ரூம்மேட்டுக்கு என்ன கிடைக்கும்? பெரிய பூஜ்ஜியம்!

இன்னும் இருக்கு. எல்லாம் ஆறின பிறகும் கால் முழுசா சரியாகலை. மருத்துவக் குழு பார்த்து, சம்பாதிக்கிற சக்தியில 30 சதவிகிதம் இழப்புன்னு சொல்லுதுன்னு வைங்க. வேலையில பட்ட காயமா இருந்தா 540-ல 30 சதவிகிதம், ஒரு நாளைக்கு 162 ரூபாய். மாசத்துக்கு 4,860. எத்தனை வருஷத்துக்கு? ஆயுசு முழுக்க! வேற வேலைக்குப் போய் சம்பாதிச்சாலும் இது தனி. 'பைக்ல விழுந்தேன்'ங்கிற ஒரே வாக்கியம் இந்த மொத்தப் பணத்தையும் அழிச்சுடும். தோள்ல கை போட்டவர் கொடுக்கற பத்தாயிரமோ இருபதாயிரமோ எதுக்கு ஆகும்?

'எனக்கு இ.எஸ்.ஐ. கார்டே கொடுக்கலையே'ன்னா பயப்படாதீங்க. கம்பெனி உங்களைப் பதிவு பண்ணாம விட்டது கம்பெனியோட தப்பு. அதுக்காக உங்க உரிமை போகாது. சம்பளம் உச்சவரம்பைத் தாண்டி இ.எஸ்.ஐ.க்குள்ள வராதவங்களுக்கு முதலாளியே இழப்பீடு கொடுக்கணும். அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் சேர்ந்த பயிற்சியாளர்களுக்கும் அப்படித்தான். 2025 நவம்பர் 21-ல புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்களோட பேர் மாறியிருக்கு. ஆனா 'வேலையில பட்ட காயத்துக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பு'ங்கிற அடிப்படை மாறலை. ஊழியருக்கு நியமனக் கடிதம் கொடுக்கணும்ங்கிறதும் இப்போ சட்டத்துலயே இருக்கு. வாங்கி வைங்க. வாங்கினதும் ஒரு ஃபோட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க.

ஏ.ஆர். காப்பி!

ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில டியூட்டி டாக்டர், 'என்னப்பா ஆச்சு?'ன்னு கேட்டு ஒரு பதிவேட்டுல எழுதுவார். விபத்துப் பதிவேடு. நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல 'ஏ.ஆர். காப்பி'ன்னு சொல்றது இதைத்தான். பல மாசம் கழிச்சு எந்த ஆபீஸ் போனாலும் முதல்ல கேட்கறது இந்தப் பேப்பரைத்தான்.

ஃப்ரெண்ட் வலியில துடிக்கும்போது பதில் சொல்லப்போறது யாரு? கூட வந்த நீங்கதான்! 'இத்தனை மணிக்கு, இந்த இடத்துல, வேலை செய்யும்போது, ஃபோர்க்லிஃப்ட் சக்கரம் காலில் ஏறியது.' இவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

கம்பெனியிலயும் விபத்துப் பதிவேடு இருக்கணும். அடிபட்டவரே போய் எழுதணும்னு இல்லை. அவர் சார்பா இன்னொருத்தர் சொன்னாலும் செல்லும். 48 மணி நேரத்துக்கு மேல வேலைக்கு வர முடியாத காயம்னா அரசாங்கத்துக்கும் கம்பெனி தகவல் கொடுக்கணும். நம்ம மாநிலத்துல இதைப் பார்த்துக்கறது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்-ரே, ஸ்கேன்... எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க. பார்த்தவங்க ரெண்டு பேர் பேரையும் குறிச்சுக்கோங்க.

இல்லாத கால் வலிக்குமா?

வலிக்கும்! காலையோ விரலையோ இழந்தவங்க நிறைய பேர், 'அங்கே அரிக்குது', 'விரல் மடங்கிக்கிட்டு வலிக்குது'ன்னு சொல்வாங்க. பைத்தியம்னு நினைச்சுடாதீங்க. கால் போனாலும் மூளைக்குள்ள அந்தக் காலோட வரைபடம் அப்படியே இருக்கு.

இதுக்கு ஒரு எளிய வைத்தியம் கண்டுபிடிச்சவர் நம்ம ஆளு, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்ச வி.எஸ். ராமச்சந்திரன். அமெரிக்காவுல, 1990-கள்ல, ஒரு அட்டைப் பெட்டிக்குள்ள சாதாரண முகம் பார்க்கற கண்ணாடியை நிறுத்தினார். கையை இழந்தவர் நல்லா இருக்கிற கையை உள்ளே விட்டுக் கண்ணாடியைப் பார்த்தா, இல்லாத கை திரும்ப வந்த மாதிரி தெரியும். நல்ல கையை மெதுவா விரிச்சா, கண்ணாடியில 'அந்த' கையும் விரியும். மடங்கிக் கிடந்த வலி சிலருக்கு விட்டுப்போச்சு! 2007-ல அமெரிக்க ராணுவ மருத்துவமனையில கால் இழந்த வீரர்கள்கிட்ட சோதிச்சப்பவும் வலி குறைஞ்சது. எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல முடியாது. ஆனா பிசியோதெரபிஸ்ட்கிட்ட கேட்டுப் பார்க்கறதுல தப்பில்லை.

நடக்கக் கத்துக்கறது ஒரு வேலை

டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்தாச்சு. வாசல்ல சொந்தக்காரங்க கூட்டம். 'உச்' கொட்டுவாங்க. 'இந்த வயசுலயா...'ன்னு இழுப்பாங்க. 'ராசியில்லாத வேலை'ம்பாங்க. ஒரு மாசத்துல கூட்டம் கலைஞ்சுடும். அப்புறம்தான் நிஜமான பரீட்சை ஆரம்பம்.

காலையில பிசியோதெரபி. கணுக்காலைப் பத்து டிகிரி மடக்கறதுக்குள்ள கண்ணுல தண்ணி வரும். நேத்து முடிஞ்சது இன்னிக்கு முடியாது. ஒரு வாரம் விட்டுட்டா மூட்டு இறுகி, ஒரு மாச உழைப்பு போயிடும். வலி போன பிறகு பயிற்சின்னு காத்திருக்காம, டாக்டர் சொன்ன அளவுக்குத் தினமும் செய்யணும். ஆபீஸ் போற மாதிரி, நேரம் குறிச்சு.

செயற்கைக் கால் தேவைன்னா சென்னை கே.கே.நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு. இ.எஸ்.ஐ.யிலயும் வேலையில காயம்பட்டவங்களுக்கு செயற்கை உறுப்பு கிடைக்கும், புதுத் தொழில் கத்துக்கவும் உதவி உண்டு. வேலூர் சி.எம்.சி.யில 1966-ல மறுவாழ்வு மையம் ஆரம்பிச்சது யார் தெரியுமா? டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல ஒரு வாகன விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன இளம் டாக்டர். சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் செய்ய ஆரம்பிச்சார். அப்புறம் வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, தன்னை மாதிரி ஆனவங்களுக்காகவே ஒரு மையத்தை நிறுத்திட்டார்!

உடம்பு ஆறினாலும் மனசு லேட்டாத்தான் ஆறும். வண்டி ரிவர்ஸ் எடுக்கற 'பீப் பீப்' சத்தம் கேட்டாலே வேர்த்துக் கொட்டும். தூக்கத்துல அலறுவாங்க. 'இதுக்கெல்லாமா பயப்படுவே, ஆம்பளைதானே'ன்னு கிண்டல் பண்ணாதீங்க. இதுவும் காயம்தான். டாக்டர்கிட்ட சொல்லணும். 2022-ல மத்திய அரசு ஆரம்பிச்ச டெலிமனஸ் சேவைக்கு 14416-ல ஃபோன் பண்ணிப் பேசலாம். தமிழ்லயே பேசலாம். வண்டியை ஓட்டின டிரைவரையும் மறந்துடாதீங்க. அவரும் ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்.

மறுபடி வேலைக்குப் போகும்போது, எவ்வளவு நேரம் நிக்கலாம், எவ்வளவு தூக்கலாம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போகணும். 'எல்லாம் சரியாகிடுச்சு சார்'னு வீரம் காட்டி முதல் நாளே பேலட் இழுத்தா, மறுபடி ஆரம்பத்துல இருந்து!

முதல் நாளே கேளுங்க!

• ஆள் நடக்கற பாதை எது, வண்டி போற பாதை எது? மஞ்சள் கோட்டைத் தாண்டாதீங்க.

• டிரைவர் கண்ணும் உங்க கண்ணும் சந்திச்ச பிறகுதான் குறுக்கே போகணும். காதுல ஹெட்செட் நோ!

• தூக்கின ஃபோர்க்குக்கு அடியில நிக்கறது, ஃபோர்க் மேல ஏறி ரேக்குல சாமான் எடுக்கறது... ரெண்டும் கூடவே கூடாது.

• பயிற்சியும் அனுமதியும் இல்லாம, 'சும்மா ஒரு ரவுண்டு'ன்னு சாவியைத் தொடாதீங்க. ஜெர்மனியில இதை வெச்சு ஒரு குறும்படமே எடுத்திருக்காங்க. ஹீரோ பேர் க்ளாவுஸ். லைசென்ஸ் வாங்கின முதல் நாளே கோடவுனை ரத்தக்களறி ஆக்கிடுவார். சிரிப்புப் படம்தான், சிரிச்சு முடிச்சதும் வயித்தைக் கலக்கும்!

• நீங்களே டிரைவரா? பெல்ட் போடுங்க. உட்கார்ந்து ஓட்டுற வண்டி சாய்ஞ்சா வெளியே குதிக்காதீங்க. குதிக்கறவர் மேலதான் மேல்கூரைக் கம்பி வந்து விழும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சு, காலை ஊன்றி, சாயற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்ச்சுக்கோங்க.

• உங்க இ.எஸ்.ஐ. நம்பர் என்ன? முதல் சம்பளத்துக்கு முன்னாடியே கேட்டு வாங்குங்க.

இப்போ மறுபடி அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவோம். ரூம்மேட் உள்ளே ஸ்ட்ரெச்சர்ல. அவன் அம்மா ஊர்ல இருந்து பஸ் ஏறியிருக்காங்க. தோள்ல கை போட்டவர் உங்க பதிலுக்காகக் காத்திருக்கார். டாக்டர் பேனாவை எடுத்துட்டார்.

'என்னப்பா ஆச்சு?'

அந்தக் கேள்விக்கு நீங்க சொல்லப்போற ஒரு வரியிலதான் உங்க ஃப்ரெண்டோட அடுத்த நாற்பது வருஷம் இருக்கு. தைரியமா, நடந்ததைச் சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்!